லைட்டர் சத்தமும் நாத்தனார் குரலும்

ஜெயராணியும் அருளம்மாளும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. பேசாமல் இருப்பது ஒரு அதிசயமில்லை. வேலித் தகராறிலும் ஆட்டுத் தகராறிலும் பேச்சை அறுத்துக்கொண்ட குடும்பங்கள் ஆவூர்ப் பக்கத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் அவர்களெல்லாம் ஆளுக்கொரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருப்பவர்கள். இவர்கள் ஒரே அடுப்படியில் நின்று எண்பத்தாறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிக்கொண்டே பேசாமல் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் ஜெயராணி சமையலர், அருளம்மாள் உதவியாள். ஜெயராணிக்கு நாற்பத்து நான்கு வயது, அருளம்மாளுக்கு ஐம்பத்தாறு. செத்துப்போன புருசனுக்கு உடன்பிறந்த அக்காள் என்பதால் அருளம்மாள் இவளுக்கு நாத்தனார். வயதிலும் உறவிலும் மூத்தவள் காய் நறுக்கிக் கொடுக்க, இளையவள் கரண்டி பிடிக்கிற வேலை. அதுவே ஒரு முள். மற்ற முள்ளெல்லாம் அதன் மேல் குவிந்தவை.

பேசாமல் எப்படிச் சமைப்பது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அருளம்மாள் பானையிடம் பேசுவாள். ஜெயராணி பூனையிடம் பேசுவாள். சத்துணவுக்கூடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் செவலைப் பூனை ஒன்று உண்டு.

"ஏ உப்புச் சாடியே, ஒன்னயக் கை தொட்டு ஒரு மாசம் ஆச்சு போல. பிள்ளைக சப்புன்னு திங்குதுக. ஒனக்கென்ன, நீ சொகமா ஒக்காந்திரு" என்பாள் அருளம்மாள். ஜெயராணி சாம்பாரில் இன்னொரு பிடி உப்பைப் போடுவாள். போட்டுவிட்டுப் பூனையைப் பார்த்து, "வெங்காயம் நறுக்கச் சொன்னா வெறகு பொளக்குற மாதிரி பொளக்குறவங்களும் இருக்காங்க பூனையே. பல்லுல மாட்டிக்கிரும், பாத்துத் தின்னு" என்பாள். அடுத்த கூடை வெங்காயம் பொடியாக வரும். இப்படித்தான் ஒன்பது வருடமும் வேலை நடந்தது. ஒரு நாள்கூடச் சோறு குழைந்ததில்லை, முட்டை வேகாமல் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையிலும் இதே கதைதான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் கோயில் முழுக்க இங்கிட்டும் அங்கிட்டும் திரும்பிக் கைகூப்பும். அருளம்மாள் மட்டும் ஜெயராணி இருக்கும் பக்கம் திரும்பி, அவளுக்கு முன்னால் நிற்கும் தூணுக்கு ஒரு கும்பிடு போடுவாள். "கல்லுக்காவது புண்ணியம்" என்று பக்கத்துப் பெண்ணிடம் காதோடு சொல்வாள், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பகையின் ஆணிவேர் மரியசெல்வத்தின் சாவு. ஜெயராணியின் புருசன் மரியசெல்வம் கொத்தனார். தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அருளம்மாள்தான். ஒரு நாள் குடித்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் ஜெயராணி சண்டை பிடித்தாள். தெருவே கேட்டது. அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். பத்து மணிக்கு மெயின் ரோட்டில் லாரி அடித்துவிட்டது.

அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவளே அருளம்மாள்தான். அவள் குரல் வெண்கலப் பானை உருண்ட மாதிரி இருக்கும். நல்லதோ கெட்டதோ, அதட்டாமல் ஒரு வார்த்தை வராது. அன்றைக்கு அந்தக் குரல் பஞ்சு போல இருந்தது. வாசலில் வந்து நின்று, "ஜெயராணி, செத்த உக்காரு தாயி" என்றாள். அவள் வாயில் அதற்கு முன்னால் 'தாயி' என்ற சொல் வந்ததே இல்லை. ஏன் உட்காரச் சொல்கிறாள் என்று தெரியாமலே ஜெயராணிக்குக் கால் துவண்டுவிட்டது.

மறுநாள் கல்லறையில் மண் தள்ளி முடித்ததும் அருளம்மாள் பழைய குரலுக்கு வந்துவிட்டாள். ஊர் பார்க்க விரலை நீட்டிச் சொன்னாள்: "சண்ட போட்டுப் பட்டினியா அனுப்புச்சாளே! என் தம்பி வெறும் வயித்தோட மண்ணுக்குள்ள போறான். ஏழு சென்மத்துக்கும் இவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

ஜெயராணிக்குப் பதில் இருந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலை அப்புறம் எந்த நாளில் சொல்வது? பேச்சே இல்லை என்றாகிவிட்டதே. மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்ற அருளம்மாள் மறு வாரமே வேலைக்கு வந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினாள். வார்த்தையைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு எண்ணம்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கேஸ் ட்யூபை எலி கடித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஜெயராணி லைட்டரைத் தட்டினாள். 'டிக்' என்றதுதான், நீலத் தீ ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டது. புருவம் கருகியது, வலது முழங்கை வரை தோல் வெந்தது. அவள் கத்தக்கூட இல்லை; சிலை மாதிரி நின்றாள். பின்னாலிருந்து ஒரு கை கொண்டையைப் பிடித்து இழுத்தது.

"கண்ணு அவிஞ்சா போச்சு? வெளிய ஓடுடி மூதேவி! நிக்கிறா பாரு, தேர் பாக்க வந்தவ மாதிரி!"

அருளம்மாள் அவளை வெளியே தள்ளி, ரெகுலேட்டரை மூடி, ஈரச்சாக்கை எறிந்து தீயை அடக்கினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நாத்தனார் பேசிவிட்டாளே என்று ஊர் சிரித்தது. அருளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவகிட்ட யாரு பேசுனா? சிலிண்டரத்தான் மூதேவின்னேன்" என்றாள்.

கை ஆறிவிட்டது. ட்யூப், அடுப்பு எல்லாம் புதிதாக மாற்றிவிட்டார்கள். ஆனால் ஜெயராணிக்குள் ஏதோ ஒன்று ஆறவில்லை. லைட்டரைக் கையில் எடுத்தாலே நெஞ்சு உரலில் குத்துகிற மாதிரி அடிக்கும். கை நடுங்கும். 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் கால் அவளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட கேட்டில் நிறுத்தியிருக்கும். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், ஒன்றுமில்லை. அந்தச் சத்தமும் கேஸ் வாடையும் சேர்ந்தால் போதும், அவள் அவளாக இல்லை.

ஆக, அடுப்புப் பற்றவைக்கிற வேலை அருளம்மாள் தலையில் விழுந்தது. தினமும் பற்றவைத்தாள். தினமும் வைதாள். "அடுப்பே, ஒனக்கு ராணி வந்து பத்த வைக்க மாட்டாங்களாம். வேலைக்காரி கைதான் ஒனக்கு. தலையெழுத்து!"

அந்தோணியார் கோயில் எண்ணெயை நெற்றியில் தடவிப் பார்த்தாள் ஜெயராணி. உபதேசியார் தலையில் கைவைத்துச் செபித்தார். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். பயம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "இருதயத்துல ஒண்ணும் இல்லம்மா. புதன்கிழமை வாங்க, மனநலப் பிரிவு இருக்கு" என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"காக்கா, கேட்டியா சேதிய?" என்று அருளம்மாள் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "சில பேருக்கு மூளைக்கு வைத்தியம் பாக்கப் போறாங்களாம். இருந்தாத்தான பாக்கணும்?"

சீட்டு ஒளிந்தே கிடந்திருக்கும். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மொட்டைக் கடுதாசி ஒன்று ஆபீசுக்குப் போய்விட்டது. சமையலர் அடுப்பையே தொடுவதில்லை, உதவியாள்தான் பற்றவைக்கிறாள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். சத்துணவு அமைப்பாளர் பிரகதாம்பாள் ஜெயராணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாசக் கடைசியில ஆபீசுலருந்து வந்து பாப்பாங்க ஜெயராணி. அன்னிக்கி நீயே பத்தவச்சு நீயே எறக்கணும். இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும். என் கையில ஒண்ணும் இல்ல."

"எழுதுனா?"

"எழுதுனா அருளம்மா சமையலர். ஒனக்கு வேல இல்ல."

பதினாறு வருடத்து வேலை. மகன் மெல்வின் திருச்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கடுதாசியை எழுதியது யார் என்று ஜெயராணி யாரையும் கேட்கவில்லை. அடுப்படிக்கு வந்து பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூனையே, திருட்டுத்தனமா எழுதுற கை அழுகிப் போகும்னு பெரியவங்க சொல்லுவாங்க."

அருளம்மாள் அரிவாள்மணையிலிருந்து எழுந்தேவிட்டாள். "ஏ பானையே! எனக்குக் கையெழுத்துப் போடவே அரை நாள் ஆகும். அருளுக்கு எந்த 'ரு'ன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நான் எங்கிட்டு மொட்டக் கடுதாசி எழுத? எனக்கு ஒரு பதவி வேணும்னா மூஞ்சிக்கு நேரா புடுங்கிக்கிருவேன், பின்னால போயி நக்க மாட்டேன்!"

அது உண்மைதான் என்று ஜெயராணிக்குத் தெரியும். தெரிந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை பஸ் ஏறினாள். மனநலப் பிரிவில் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிவிட்டு, ஆலோசகர் பிரின்சியிடம் அனுப்பினார். பிரின்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜெயராணி அவளை டீச்சர் என்றே கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"எனக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சு டீச்சர். அதான் பயம்" என்றாள் முதலில்.

"விசுவாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. நம்ம தலைக்குள்ள மொச்சக்கொட்ட அளவுல ஒண்ணு இருக்கு. வீட்டு நாய் மாதிரி. ஆபத்துன்னு பட்டா, வீட்டுக்காரன் எழுந்து வர்றதுக்குள்ள அது கொலச்சிரும். பிப்ரவரியில ஒங்கள ஓடச் சொல்லிக் கொலச்சிருக்கு. தீ அணைஞ்சு போனது ஒங்களுக்குத் தெரியும். நாய்க்கு யாரும் சொல்லல. அதுக்கு 'டிக்'னா இன்னும் தீதான்."

"நான் சொல்றனே டீச்சர், தெனமும் சொல்றேன். பயப்படாத பயப்படாதன்னு."

"வார்த்தையில சொன்னா அதுக்கு வெளங்காது. கைக்குழந்தைக்கு வார்த்தையா தெரியும்? தூக்கி வச்சிருக்கிறவ நெஞ்சு நெதானமா இருந்தா அதுவும் அடங்குது. பெரியவங்களானாலும் அந்த நாய் அப்படித்தான். பக்கத்துல ஒரு ஆளு வேணும். யேசு சாமியே சாவுக்கு முந்துன ராத்திரி தோட்டத்துல வேர்த்து நடுங்குனப்ப மூணு சீடரக் கூட்டிக்கிட்டுத்தான போனாரு?"

ஜெயராணி கொஞ்சம் யோசித்தாள். "அவங்க தூங்கிட்டாங்களே டீச்சர்."

பிரின்சி சிரித்துவிட்டாள். "தூங்காத ஆளாப் பாப்போம். யாரு குரலக் கேட்டா ஒங்களுக்கு நெஞ்சு லேசாகும்?"

ஜெயராணி எண்ணிப் பார்த்தாள். தாய் இல்லை. புருசன் இல்லை. மெல்வின் போனில் 'சாப்பிட்டியாம்மா' என்பதோடு சரி. விரலை மடக்க ஆள் இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, அடுப்படியில பக்கத்துல யாரு நிப்பாங்க?"

"நாத்தனா. பேச மாட்டா. ஒம்போது வருசமா."

"பேசாம எப்படிக்கா சமைக்கிறீங்க?"

"அவ பானைகிட்டச் சொல்லுவா. நான் பூனைகிட்டச் சொல்லுவேன்."

பிரின்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். ஜெயராணி தீப்பிடித்த நாளைச் சொன்னாள், கல்லறையில் கேட்ட சொல்லைச் சொன்னாள். 'தாயி' என்று கூப்பிட்ட அந்தக் காலையை மட்டும் சொல்லவில்லை. அது சொல்கிற விசயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் படிப்படியாகச் செய்ய ஒரு வேலை கொடுத்தாள் பிரின்சி. முதலில் லைட்டரைச் சும்மா கையில் வைத்திருப்பது. பிறகு கேஸ் இல்லாமல் தட்டுவது. தட்டும்போது மூச்சை நீளமாக வெளியே விடுவது. ஜெயராணி பிள்ளைகள் பாடம் எழுதுவது போலச் செய்தாள். பத்து நாளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து 'டிக் டிக்' என்று தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் சத்துணவுக்கூடத்து நிலைப்படியைத் தாண்டினால் எல்லாம் போச்சு. நாய் அங்கேதான் படுத்திருந்தது.

"அடுத்த தடவ நாத்தனாரக் கூட்டிட்டு வாங்க" என்றாள் பிரின்சி போனில்.

"ஏன் டீச்சர், நான் உசுரோட இருக்கிறது பிடிக்கலயா?"

ஆனாலும் பூனையிடம் சொல்லிவைத்தாள். அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால், மூன்று சீட்டுக்கு முன்னால் அருளம்மாள் பையோடு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரிடம் உரக்கச் சொன்னாள்: "முழங்காலு வலிக்கி மாத்திர வாங்கப் போறேன்ப்பா. வேற ஒரு சோலியும் இல்ல."

பிரின்சியின் அறையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இவங்களுக்கு வேல போனா ஒங்களுக்குத்தான சமையலர் வேல? பெறகு ஏன் வந்தீங்க?" என்று பிரின்சி நேராகவே கேட்டாள்.

"அவ போயிட்டா நான் யாரம்மா வையிறது?"

"இப்பயும் பானையத்தான வையிறீங்க?"

"பானைக்குக் காது எங்க இருக்கு? அவளுக்கு இருக்குல்ல."

ஜெயராணி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அருளம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்: அடுப்புப் பற்றவைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அதட்டக் கூடாது. பேர் சொல்லி, மெல்ல, அன்பாக நாலு வார்த்தை பேச வேண்டும்.

"அன்பாவா? எனக்கா?" அருளம்மாள் சுவரிடம் கேட்டாள். "சொவரே, இந்தப் பொண்ணு சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் இதச் சொல்லுது."

ஆனால் செய்தாள். ஆபீசர் வர நாலு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிரகதாம்பாள் வாசலில் நின்றாள். ஜெயராணி லைட்டரை எடுத்தாள். நெஞ்சு அடித்தது, ஆனால் தாங்குகிற அடிதான். மூச்சை வெளியே விட்டாள். அருளம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பது வருடத்தில், தீப்பிடித்த அன்றைத் தவிர, முதல் தடவையாகப் பானையையும் காக்காயையும் விட்டுவிட்டு நேராக அவளிடமே பேசினாள். குரல் பஞ்சு போல வந்தது.

"ஜெயராணி... பயப்படாத தாயி. நான் இருக்கேன்."

லைட்டர் தரையில் விழுந்தது. ஜெயராணியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவள் கேட்டுக்கு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கால் துவண்டு உட்கார்ந்து, அருளம்மாளின் சேலையைப் பிடித்துக் கத்தினாள்.

"மெல்வினுக்கு என்ன? என் பிள்ளைக்கி என்ன ஆச்சு? சொல்லுங்க! எங்க அடிபட்டுச்சு?"

பிரகதாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அருளம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். பிறகு சாவுச் செய்தி சொன்ன அந்தக் காலை அவளுக்கும் அப்படியே நினைவுக்கு வந்ததோ என்னவோ, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிரகதாம்பாள் திருச்சிக்குப் போன் போட்டாள். மெல்வின் எடுத்தான். வகுப்பில் இருக்கிறேன் அம்மா, என்ன விசயம் என்றான். அவன் குரலைக் கேட்ட பிறகும் ஜெயராணி அரை மணி நேரம் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் அருளம்மாள்தான் பற்றவைத்தாள். வையாமல் பற்றவைத்தாள். கூடமே சாவு வீடு மாதிரி இருந்தது. பூனைகூட உள்ளே வரவில்லை.

சாயங்காலம் பிரின்சி கொடுத்திருந்த நம்பருக்கு ஜெயராணி போன் போட்டாள். இந்தத் தடவை 'தாயி' என்ற அந்தக் காலையையும் சொன்னாள்.

"தப்பு என்னுதுக்கா" என்றாள். "அன்பான குரலு எல்லாருக்கும் மருந்துன்னு நெனச்சுட்டேன். ஒங்க தலைக்குள்ள இருக்கிறதுக்கு நான் படிச்ச புஸ்தகம் தெரியாது. நீங்க வாழ்ந்ததுதான் அதுக்குத் தெரியும். அந்தக் குரலு வந்த அன்னிக்கி ஒங்க வீட்டுல சாவு. அதத்தான் அது பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப அவ பக்கத்துல வேண்டாமா?"

"இருங்க. தீப்பிடிச்ச அன்னிக்கி நீங்க செல மாதிரி நின்னீங்கன்னு சொன்னீங்கள்ல? எது ஒங்கள அசைச்சுச்சு?"

ஜெயராணி யோசித்தாள். மூதேவி என்ற சொல் காதில் கேட்டது. கொண்டை வலித்தது. நினைத்தபோது வியப்பாக இருந்தது: அந்த நாளில் எதை நினைத்தாலும் நெஞ்சு அடிக்கிறது, அந்தச் சொல்லை நினைத்தால் மட்டும் அடிக்கவில்லை.

"அவ வசவுதான் டீச்சர்."

"தெனமும் கேக்குற வசவு. அது கேட்டா ஒலகம் வழக்கம்போல ஓடுதுன்னு அர்த்தம். அப்ப அத மாத்த வேண்டாம். போன அவங்ககிட்டக் குடுங்க."

"நான் எப்படிக் குடுக்க? பேச்சு இல்லயே."

கடைசியில் பிரின்சி பிரகதாம்பாளின் போனுக்கு அழைத்தாள்; பிரகதாம்பாள் அதை அருளம்மாளிடம் கொடுத்தாள். பிரின்சி சொன்னதைக் கேட்டுவிட்டு அருளம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"அப்ப வையட்டுமா?"

"வைங்கம்மா. நல்லா வைங்க."

ஆபீசர் அம்மா வந்த அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் ஃபைலோடு நிலைப்படியில் நின்றார். பிரகதாம்பாள் பக்கத்தில் நின்றாள். ஜெயராணி சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அடுப்பின் முன்னால் வந்தாள். லைட்டரை எடுத்தாள். கேஸைத் திருப்பினாள். வாடை மூக்கில் ஏறியதும் காது அடைத்தது. கண் கேட்டின் பக்கம் போனது. கால் போகப் பார்த்தது.

பின்னால் வெண்கலப் பானை உருண்டது.

"ஏ அண்டாவே! ஆபீசர் வந்திருக்காங்க, எண்பத்தாறு பிள்ளைக தட்டோட நிக்குதுக, ஒனக்குப் பவுசு கேக்குதா? பூ வச்சு ஆரத்தி எடுத்தாத்தான் சூடேறுவியோ? ஒன்னய விட எங்க வீட்டு ஓட்டச் சட்டி மேலு!"

'டிக்.' பற்றவில்லை.

"பாரு, பாரு! மூணு வாரமா மூளைக்கு வைத்தியம் பாத்த லச்சணத்தப் பாரு! ஒரு அடுப்புக்கு ஆயிரத்தெட்டு ஆட்டம். எலை போட்டுட்டு ஒல வைக்கிற வம்சம்!"

இதைச் சும்மா விட ஜெயராணிக்கு மனம் வரவில்லை. வம்சத்தை இழுத்துவிட்டாளே. "பூனையே, வாய் இருக்கிற சிலதுக்குக் கையில ஒண்ணும் ஓடாதாம்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். பேசினதில் மூச்சு தானாக வெளியே போயிருந்தது. 'டிக்.' நீலப்பூ மாதிரி பர்னரைச் சுற்றித் தீ எழுந்தது. அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

ஆபீசர் அம்மா பிரகதாம்பாளைப் பார்த்தார். "இவங்க எப்பவும் இப்படித்தான் சண்டை போடுவாங்களா?"

"சண்டையா? இல்லங்க மேடம். அவங்க பேசிக்கிறதே இல்ல" என்றாள் பிரகதாம்பாள்.

அவர் ஃபைலில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பருப்பை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். வேலை தப்பியது. பிரகதாம்பாள் வாசல் வரை அவரை வழியனுப்பப் போனாள்.

உலை கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டாள் ஜெயராணி. தீயைத் தணித்தபோது கை நடுங்கவில்லை. அந்தத் தைரியத்திலோ என்னவோ, கல்லறையில் எழாத நாக்கு அன்றைக்கு எழுந்தது. பூனை நனைந்த உடம்போடு மூலையில் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்துச் சொன்னாள்.

"பூனையே, ஒனக்கு ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி சண்ட போட்டது நெசம். தெருவே கேட்டது நெசம். ஆனா அவரு சாப்பிட்டுட்டுத்தான் போனாரு. பழையதும் சுட்ட கருவாடும். கோவத்துலயும் ரெண்டு தடவ வாங்கித் தின்னாரு. தட்ட நான்தான் கழுவுனேன்."

அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. ஜெயராணி திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மழையில் சளி பிடித்திருக்கலாம்.

பிறகு அருளம்மாள் பேசினாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் வெண்கலம்தான்.

"ஏ பானையே! இந்தச் சொல்ல ஒம்போது வருசத்துக்கு முன்னாடி சொன்னா யாருக்காவது வாய் வெந்தா போயிரும்? என் தம்பி வெறும் வயித்தோட போனான்னு ஒம்போது வருசம் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் ஒருசந்தி கெடந்தேனே. அம்புட்டுச் சோத்தயும் யாரு தருவா?"

கத்தரிக்காய் மறுபடி விழத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக, கண்டபடி துண்டுகளாக. ஜெயராணி பூனையிடம் குறை சொல்லவில்லை. அந்தக் காயை அப்படியே சாம்பாரில் அள்ளிப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அருளம்மாள் வழக்கம்போலத் தூணுக்குத்தான் கும்பிடு போட்டாள். திங்கட்கிழமை காலை ஜெயராணி வேலைக்குப் போனபோது, எப்போதும் உதவியாள் பக்கத்து ஆணியில் தொங்கும் லைட்டர் சமையலர் பக்கத்து ஆணியில் தொங்கியது. அருளம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

"அடுப்பே, இனிமே என் கைய எதிர்பாக்காத. எனக்கு முழங்காலு வலி. பத்த வைக்கிற மகராசி வந்துட்டா. லேட்டா வந்திருக்கா, அது வேற கத."